விழுங்குதல் வேறு, செரித்தல் வேறு

கழுத்தின் இடப்புறம் தோன்றிய கட்டியில் வலி இல்லை. அதனால் இரண்டு மாதம் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஹைதராபாதில் ஊசியால் திசு எடுத்துப் பார்த்து, நிணநீர்க்கணுக் காசநோய் என்றார்கள். இருமல்கூட இல்லையே என்றேன். நுரையீரலைத் தொடாமலும் அது வரும் என்றார் மருத்துவர். என் போன்றோரிடமிருந்து அது பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் விடுதியில் என் தட்டு தனியே வைக்கப்பட்டது. அது வேறு கதை.

நான்கு மருந்துகள் இரண்டு மாதம், பிறகு மூன்று மருந்துகள் நான்கு மாதம். ஏழாம் வாரத்தில் கட்டி சுருங்கிவிட்டது. நலமாகிவிட்டேன் என்று நம்பி, குமட்டலுக்கு அஞ்சி, ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தினேன். அந்நாள்களில்தான் இலக்கணக் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு இக்கிருமியைப் பற்றிப் படித்தேன்.

கிருமிகள் நம் வெள்ளணுக்களிடமிருந்து ஒளிந்துகொள்கின்றன என்றே எண்ணியிருந்தேன். காசநோய்க் கிருமியின் வழி வேறு. பெருவிழுங்கி எனும் வெள்ளணு அதைப் பற்றி விழுங்கியே விடுகிறது. விழுங்கியதைச் சுற்றி ஒரு சவ்வுப்பை உருவாகும். அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம்கள் அப்பையுடன் இணைந்தால்தான் செரிமானம் நடக்கும். 1971இல் லண்டனில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும் எலியின் பெருவிழுங்கிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். சிதைந்த கிருமிகள் இருந்த பைகளுடன் லைசோசோம்கள் இணைந்திருந்தன. உயிருள்ள கிருமிகள் இருந்த பைகளுடன் பெரும்பாலும் இணையவில்லை.

இதன் காரணங்களுள் ஒன்று என்னை நிறுத்திவைத்தது. பையின் சவ்வில் ஒரு கொழுப்பு மூலக்கூறு அடையாளமாக நின்று, இணைப்புக்கு வேண்டிய புரதங்களை அழைக்கிறது. கிருமி சுரக்கும் ஒரு நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை நீக்கிவிடுகிறது, அழைப்பு நின்றுபோகிறது. ‘வேலைக் கொடு’ என்பதில் ஓர் ஒற்று விழுந்தால் வேல் வேலையாகிவிடும் மொழியைப் படிப்பவருக்கு இது விளங்காமல் போகுமா?

கொல்ல வேண்டிய அணுவே இவ்வாறு குடியிருப்பாகிறது. குடியிருப்பவரும் அவசரக்காரர் அல்லர். ஈ. கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். சில கிருமிகள் பெருகாமலே உறங்கிக் கிடக்கும். பெருகுவனவற்றை விரைந்து கொல்லும் மருந்துகளுக்கு அவை எளிதில் மசிவதில்லை. ஆறு மாதம் என்ற கணக்கு அவற்றை நோக்கியது. என் கட்டி சுருங்கியதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆறாம் நாள் மருத்துவரிடம் சென்று ஒப்புக்கொண்டேன். கடிந்துகொண்டார், விடுபட்ட ஐந்து நாள்களுக்குரியவற்றையும் சேர்த்தே முடிக்க வேண்டும் என்று அட்டையில் எழுதினார். குமட்டலுக்குத் தனியே ஒரு மாத்திரை தந்தார். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.