ஏழேகால் மாத்திரை

மைதாவைக் காய்ச்சி, மயில்துத்தம் போட்டு ஆறவைத்த பசையின் வாடை எங்காவது மூக்கில் ஏறினால், மற்றவர்களுக்குத் தீப்பெட்டி ஞாபகத்துக்கு வருமோ என்னவோ, எனக்குச் செவலைதான் வருவான். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருந்த எங்கள் ஊரில் அப்போதெல்லாம் திண்ணைக்குத் திண்ணை பெட்டி ஒட்டுவார்கள். அம்மாவும் ஆச்சியும் கோழி கூவும் முன்னே எழுந்து பசைச் சட்டியோடு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சட்டியின் வெதுவெதுப்புக்குப் பக்கத்தில், ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியும் செம்மண் நிறமுமாகச் செவலை நீட்டிப் படுத்திருப்பான். தாய் சிப்பிப்பாறை, தகப்பன் எங்கள் தெரு நாய்களில் ஏதோ ஒன்று. அப்பா சாக்குப்பைக்குள் போட்டு எடுத்துவந்தபோது என் உள்ளங்கையில் அடங்கினான். இரண்டு வயசில், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஊருணிக் கரை வரைக்கும் ஓடிவந்து எதிர்கொள்கிற ஆளாகிவிட்டான்.

ஒரு மார்கழி விடியலில் சிமெண்ட் தரையில் நகம் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். எலியைப் பிடிக்கிறான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பசைச் சட்டி கவிழ்ந்து கிடக்க, செவலை பக்கவாட்டில் விறைத்துக் கிடந்தான். நான்கு காலும் ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டன, வாயோரம் நுரை, கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. ஆச்சி ஓடிப்போய் அரங்குவீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவன் முன்னங்காலுக்கு அடியில் திணித்தாள். மனுசனுக்கு இழுப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பதுபோல அவனுக்கும் கொடுத்தாள். கொஞ்சத்தில் அடங்கிவிட்டது. சாவியால்தான் நின்றது என்று நானும் நம்பினேன். எழுந்தவன் யார் வீடோ என்பதுபோலச் சுவரில் முட்டி முட்டி நடந்தான், தொட்டித் தண்ணீரை மடமடவென்று குடித்தான், அரை மணி நேரம் கழித்துத்தான் என் பாவாடையை மோந்து பார்த்து வாலை ஆட்டினான்.

இரண்டாம் தரம் வந்தபோது, நாக்கை முழுங்கிவிடுவானோ என்று பயந்து அப்பா கரண்டிக் காம்பை வாய்க்குள் கொடுத்தார். விரலில் இரண்டு பல் இறங்கிவிட்டது. அதோடு ஊர் முழுக்க, ‘வெறி பிடிச்சிருச்சு, அடிச்சுக் குழியில போடுங்க’ என்று பேச்சு. பெரியவர் ஒருவர் மாட்டுக்குப் போடுவதுபோல நெற்றியில் சூடு போடச் சொன்னார். நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் வரை யார் கூப்பிட்டும் திறக்கவில்லை. பசி வந்ததும் திறந்தேன்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். வேப்ப மரத்தடியில் சினைமாடுகளும் சொறி பிடித்த ஆடுகளும் நிற்க, பினாயில் வாடையும் சாணி வாடையும் கலந்து வீசியது. டாக்டர் அப்பாவின் விரலைத்தான் முதலில் பார்த்தார். “நாய் நாக்கை முழுங்காது அண்ணாச்சி. இழுப்பு வந்தா தாடை தானாப் பூட்டிக்கிடும், அது நினைச்சுக் கடிச்சதில்லே. இனிமே வாய்ப்பக்கம் கையே கொண்டுபோகாதீங்க,” என்றவர், அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியைத் தொடங்கச் சொன்னார். செவலையைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார். கடித்தபோதே வெறிநோய் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் வெளியே தெரிந்துவிடுமாம். குட்டியில் கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகிக் காய்ச்சல் கண்டதா, எலிமருந்து பூச்சிமருந்து எதையாவது தின்றானா என்றெல்லாம் விசாரித்தார். ஒன்றுமில்லை என்றோம்.

“எத்தனை நாளைக்கு ஒருக்க வருது? வந்தா எத்தனை நிமிஷம் நிக்கும்?”

அப்பா விழித்தார். நான், “ஒரு மணி நேரம் சார்,” என்றேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, “இந்த விநாடி முள்ளு ஒரு சுத்து வர்ற வரைக்கும் பேசாமப் பாரு தாயி,” என்றார். பார்த்தேன். மாடு கத்தியது, கம்பவுண்டர் சீசா கழுவினார், ஆடு ஒன்று என் சடை ரிப்பனைத் தின்னப் பார்த்தது, இன்னும் முள் பாதிதான் போயிருந்தது. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பத்து நாளும் செவலை நன்றாகத் தின்றான், தண்ணீர் குடித்தான், என்னைப் பார்த்துக் குதித்தான். வெறி இல்லை என்று ஆனது. பிறகு மளிகைக்கடையில் கொடுத்த லட்சுமி படம் போட்ட மாதக் காலண்டர் என் பொறுப்புக்கு வந்தது. இழுப்பு வந்த தேதியில் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே எத்தனை நிமிஷம் என்ற எண். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது டாக்டர் கட்டளை. சாவிக்கொத்து வைத்த நாளும் வைக்காத நாளும் இரண்டு நிமிஷம்தான் என்று காலண்டர் சொன்னது. ஆச்சி அதற்கப்புறம் சாவியை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடக்கிற அரிவாள்மணையையும் பசைச் சட்டியையும் தள்ளிவைத்துவிட்டு, விளக்கைத் தணித்து, சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்வாள். முதலில் இருபத்தொரு நாள் இடைவெளி, அடுத்து பதினைந்து, அப்புறம் ஒன்பது. வட்டங்கள் நெருங்கி வந்தன.

அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் டாக்டர் வழிகளைச் சொன்னார். எப்போதாவது ஒன்று என்றால் விட்டுவிடலாம், இது அப்படியில்லை. மாத்திரை கொடுக்கலாம், நோய் போகாது, இழுப்பு குறையும், ஆயுசு முழுக்க நிறுத்தக் கூடாது, நாள்பட ஈரலைப் பாதிக்கலாம். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். ராத்திரி முழுக்கப் பயணம். எதுவும் முடியாவிட்டால் கடைசி ஊசி. அன்று ராத்திரி திண்ணையில் கூடிப் பேசினார்கள். பெரியப்பா, “ஊசியைப் போட்டு அனுப்பிருவோம்டா, அதுக்கும் நிம்மதி,” என்றார். அவர் கெட்டவரில்லை, இழுப்பை நேரில் பார்த்து அழுதவர். அம்மா ஒரு நாள் மாத்திரைக்கு எத்தனை பெட்டி ஒட்ட வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினாள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்த அப்பா, கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மாசத்துல மூணு நாலு நாளுதானே அவன் நோயாளி. மிச்ச நாளெல்லாம் செவலைதானே.”

அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

எடைக்குத் தக்க மாத்திரை என்பதால், பருத்திக் கமிஷன் கடைத் தராசில் அப்பா செவலையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரமும் தனியாக ஒரு தரமும் ஏறினார். பதினாலு கிலோ. பினோபார்பிட்டோன், 30 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. 1912-லேயே மனிதர்களின் வலிப்புக்கு வந்துவிட்ட மருந்து அது என்று பின்னாளில் படித்தேன். காலையில் ரேடியோவில் ஏழேகால் செய்தி தொடங்கும்போது ஒன்று, ராத்திரி சுவர்க்கடிகாரத்தில் அதே ஏழேகாலுக்கு ஒன்று, கம்மஞ்சோத்து உருண்டைக்குள் புதைத்துக் கொடுப்பேன். முதல் இரண்டு வாரம் கள் குடித்தவன்போலப் பின்னங்கால் தள்ளாடினான். தாகம் அதிகம், பசி அதற்கு மேல். அம்மா காயப்போட்ட கருவாட்டை ஓலையோடு தின்றுதீர்த்தான். தள்ளாட்டம் மெல்ல நின்றது, பசி நிற்கவில்லை. ஆனால் காலண்டரில் ஒரு பக்கம் முழுக்க வட்டமில்லாமல் கிழிந்தது. அந்தத் தாளை எறிய மனசில்லாமல் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஓடை பெருகி பஸ் நின்றபோது மாத்திரை தீர்ந்துவிட்டது. நன்றாகத்தானே இருக்கிறான், இரண்டு நாள்தானே என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் ராத்திரி மூன்று தரம் வந்தது. அப்பா சாக்கில் சுற்றி முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் நரம்பில் ஊசி போட்டு நிறுத்திவிட்டு, “இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா, அதுவே இழுப்பைக் கொண்டுவந்துரும் அண்ணாச்சி,” என்றார். அன்றிலிருந்து ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், காதுத் தண்டட்டி இருக்கிற டப்பாவில், பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் மிச்சம் இருக்கும்.

செவலை பதினோரு வயசு வரைக்கும் இருந்தான். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு வட்டம் கடைசி வரைக்கும் இருந்தது. ஒரு சித்திரை மத்தியானம் வேப்ப மர நிழலில் தூங்கினவன் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தால், பதறாமல் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். தேதியையும் நிமிஷத்தையும் எழுதிவைத்து, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரை தொடங்கினால், அவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். முடிவு எடுக்க வேண்டிய ராத்திரி வந்தால், வட்டம் போட்ட நாட்களை மட்டும் எண்ணாமல், வட்டம் இல்லாத நாட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.