மாலுமியும் முஅல்லிமும்

கலம் செலுத்துவோனைத் தமிழில் மாலுமி என்கிறோம். அச்சொல் 'முஅல்லிம்' என்னும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததாகும். பாடம் சொல்லித் தருவோனுக்கும் அதுவே பெயர். கலத்தைத் திருப்பும் சுக்கானும் அரபி தந்த சொல்லே. இவற்றை நெடுங்காலமாக மாணாக்கர்க்கு விளக்கி வருகிறேன். எனினும், அவற்றின் உறவு எனக்கு நன்கு துலங்கியது, ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு சிறு விமானத்தை வானொலி விசையால் செலுத்தக் கற்றபோதுதான்.

எனக்கு உஸ்தாதாக வாய்த்தவன் கல்லூரியில் பயிலும் என் சகோதரி மகன். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால், உப்பளத்தில் பறக்கவிடுதல் தகாது என்று கூறி, பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்வெளிக்கு அழைத்துச் சென்றான். விமானம் நுரைப்பலகையால் ஆனது; எடை ஒரு கிலோவும் இராது. உடலின் மேற்புறத்தில் பொருந்திய இறக்கைகளின் நுனிகள் சற்றே உயர்ந்திருந்தன. சாய்ந்தாலும் தானே நிமிர முயலும் இவ்வமைப்பே புதிதாய்க் கற்போர்க்கு ஏற்றதாம்.

உயரம் வேண்டி மூக்கை மிகுதியாகத் தூக்கினால் வேகம் குன்றும்; இறக்கை தாங்கும் வலிமையை இழக்கும்; விமானம் கீழே சரியும். ஆதலின் விசைப்பிடியை மெல்லத் தொடுதலே முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கடினமானது. விமானம் நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது அதன் வலம் நமக்கும் வலம். அது திரும்பி நம்மை நோக்கி வரும்போதோ, அதன் வலம் நமக்கு இடமாகிவிடுகிறது. கை பழகிய வழியிலேயே ஓடுகிறது. விமானமோ எதிர்ப்புறம் சாய்கிறது.

"மாமா, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே பிடியைத் தள்ளுங்கள், முட்டுக் கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்" என்றான் பிள்ளை. அவ்வுபாயம் பலித்தது. எனினும், நாளடைவில் விமானத்தினுள்ளேயே அமர்ந்திருப்பதாகக் கருதிச் செலுத்துவதே மேலானது என்றும் சொன்னான்.

இறக்குவது இன்னும் அரிது. கி.பி. 887இல் மறைந்த குர்துபா அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகளை அணிந்து பறக்க முயன்றதை 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதியுள்ளார். பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை வாலின் துணைகொண்டே இறங்குகிறது. அவரோ வால் அமைத்துக்கொள்ளவில்லை என்கிறது அக்குறிப்பு.

பறவையை நோக்கிப் பாடம் பெற்ற மற்றொருவர் நம் அப்துல் கலாம். அவர் சிறுவராயிருந்தபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தை வகுப்பில் விளக்கியதோடு நில்லாது, மாணாக்கரை இராமேசுவரம் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். ஆசிரியரும் மாணவரும் அங்கே எதிரெதிர் நிற்கவில்லை. ஒரே திசையில் நின்று பறவைகளைப் பார்த்தனர்.

என் மதரஸாவில் ஒரு சிறுவன் உண்டு. எழுத்துகளைத் தனித்தனியே அறிவான். சேர்த்து ஓதுகையில் திணறுவான். "இவனுக்கு ஓதல் வராது, நிறுத்திவிடுகிறேன், ஹஜ்ரத்" என்று அவன் தந்தை வந்து நின்றார். ஒரு மாதம் தவணை கேட்டேன். மறுநாள் முதல் அவன் எதிரில் அமராமல், அவனருகே அமர்ந்தேன். என் விரலும் அவன் விரலும் வலமிருந்து இடமாக ஒரே வரியில் நகர்ந்தன. எந்த இடத்தில் அவன் கண் தயங்குகிறது என்பது அங்கிருந்தே தெரிந்தது.

தவணை முடிந்துவிட்டது. இன்னும் அவன் திணறுகிறான். ஆனால் நின்ற இடத்திலிருந்து தானே மேலே செல்கிறான். தந்தையும் நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!