வழங்கி எதை அறியாதிருக்க வேண்டும்?

1998 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம், எம்.பி.3 குறியாக்கத்திற்கு உரிமத்தொகை வசூலிக்கும் தன் திட்டத்தை மடல் வழியே அறிவித்தது. அதன் எதிர்விளைவாகவே கிறிஸ் மான்ட்கோமரி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய வோர்பிஸ் என்னும் ஒலிக்குறியாக்கத்தில் முனைந்து இறங்கினார். அவ்வாண்டின் இறுதியை ஒட்டி, ஜாக் மாஃபிட், பரத் ராகவன் ஆகிய இருவரும் ஐஸ்காஸ்ட் என்னும் திறமூல ஒலியோடை வழங்கியைத் தொடங்கினர். வோர்பிஸையும் பிற வடிவங்களையும் ஏற்கும் பொருட்டு அவ்வழங்கி 2001இல் அடிமுதல் மாற்றி எழுதத் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2004 ஜனவரியில் வெளிவந்தது.

ஒரு புதிய வடிவத்தைச் சேர்க்க இத்தனை உழைப்பு எதற்கு என்னும் வினா எழலாம். வழங்கி எதையும் இசைத்துக் காட்டுவதில்லை. ஓரிடத்திலிருந்து பைட்டுகளை வாங்கிப் பலருக்கு அனுப்புகிறது, அவ்வளவே. ஆயின் ஓடும் ஒலியின் நடுவே ஒரு புதிய கேட்பவர் வந்து சேரும் கணத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

எம்.பி.3 ஓடை சிறு சட்டகங்களால் ஆனது. ஒரு சட்டகம் 1,152 மாதிரிகளைத் தாங்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வழக்கமான வீதத்தில் அது ஏறத்தாழ 26 மில்லிநொடி ஒலி. ஒவ்வொரு சட்டகத்தின் தலையிலும் அடையாளப் பிட்டுகள் உண்டு. குறியவிழ்ப்புக்கு வேண்டிய அட்டவணைகளோ தரநிலையிலேயே வரையறுக்கப்பட்டிருப்பதால் கேட்பவரின் கருவியில் முன்னரே இருக்கின்றன. எனவே நடுவில் வருபவர் அடுத்த சட்டகத்தைப் பற்றிக்கொண்டு கேட்கத் தொடங்கலாம். முந்தைய சட்டகங்களில் எஞ்சிய இடத்தைப் பின்னவை பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம் இருப்பதால் முதல் ஓரிரு சட்டகங்கள் வீணாகலாம், இழப்பு அவ்வளவுதான்.

வோர்பிஸ் அத்தகையதன்று. அதன் அட்டவணைகள் தரநிலையில் இல்லை. ஓடையின் தொடக்கத்தில் வரும் மூன்று தலைப்புப் பொதிகளில் மூன்றாவதில் இருக்கின்றன. கருத்தரங்கின் தொடக்கத்தில் கரும்பலகையில் எழுதிய குறியீட்டு விளக்கங்கள் அழிக்கப்பட்ட பின்னர் அரங்கினுள் நுழைபவரின் நிலையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். சொற்கள் செவியில் விழும், பொருள் விளங்காது. ஆகவே ஒவ்வொரு புதிய கேட்பவருக்கும் அத்தலைப்புகளை வழங்கி முதலில் தந்தாக வேண்டும்.

பாடலின் பெயரைத் தெரிவிப்பதிலும் இவ்விரண்டும் மாறுபடுகின்றன. எம்.பி.3 ஓடையில் குறிப்பிட்ட பைட்டுகளுக்கு ஒருமுறை வழங்கியே பெயரை இடையில் செருகுகிறது. அதைக் கேட்டுப்பெற்றவருக்கு மட்டுமே செருக வேண்டும். கேளாதவருக்குச் செருகினால் அவருடைய கருவி அதனையும் ஒலியென்றே கொள்ளும். வோர்பிஸிலோ பெயர் இரண்டாம் தலைப்பில் அடங்கியிருக்கிறது. பாடல் மாறும்போது புதிய தலைப்புகளுடன் புதிய ஓடையே தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் ‘இந்த வடிவமாயின் இப்படி, அந்த வடிவமாயின் அப்படி’ என்று வழங்கியின் நிரலெங்கும் தூவுவதே எளிய வழி. மூன்றாம் வடிவம் வந்தவுடன் அந்த எளிமை தீர்ந்துவிடும். ஐஸ்காஸ்ட் வேறு வழியை மேற்கொண்டது. மூலத்திலிருந்து அடுத்த துண்டைப் பெறுதல், கேட்பவருக்கு அதனை எழுதுதல், கோப்பில் பதிதல், பெயரை மாற்றுதல், கேட்பவருக்குரிய நினைவை உருவாக்குதல் ஆகிய செயல்களை ஓர் இடைமுகமாகத் தொகுத்தது. மூலம் அறிவிக்கும் உள்ளடக்க வகையைக் கொண்டு உரிய செருகுநிரல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இவை ஓட்டத்தின்போது வெளியிலிருந்து ஏற்றப்படுபவை அல்ல, வழங்கியோடு சேர்த்தே தொகுக்கப்படுபவை. செருகும் தன்மை இங்குப் பொறுப்புகளின் பிரிவினையில் இருக்கிறது.

அப்பிரிவினையின் நுட்பம், நினைவு மூவிடங்களில் வைக்கப்பட்டிருப்பதில் உள்ளது. அண்மைத் தலைப்புகள் எவை என்பது மூலத்திற்குரியது. புதியவர் இங்கிருந்து தொடங்கலாமா என்பது துண்டிற்குரிய அடையாளம். எந்தத் தலைப்புகள் அனுப்பப்பட்டுவிட்டன, பெயரைச் செருகி எத்தனை பைட்டுகள் ஆயின என்பன ஒவ்வொரு கேட்பவருக்கும் உரியவை. எம்.பி.3-ஐ மட்டும் பார்த்து இடைமுகம் வரைந்தவருக்கு, துண்டிற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று தோன்றியே இராது.

இதன் பயன் பின்னர் தெரிந்தது. 2012இல் ஓபஸ் குறியாக்கம் தரநிலையானது. வோர்பிஸைப் போலவே அதுவும் ஓக் என்னும் கொள்கலனில் பயணிக்கக்கூடியது. தலைப்புகள் மட்டும் இரண்டு. ஓக் செருகுநிரலுக்கு ஓபஸின் தலைப்புகளை இனங்காணும் ஒரு சிறு பகுதி போதுமானதாயிற்று. வழங்கியை மறுபடி அடிமுதல் எழுத வேண்டியிருக்கவில்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் களப்பணி ஒலிப்பதிவுகளைக் கேட்கத் தருவதற்குச் சிறு வழங்கி எழுதும் ஆய்வு மாணவர், பெரும்பாலும் வேவ் கோப்பிலிருந்தே தொடங்குகிறார். அக்கோப்பு தன் நீளத்தை 32 பிட் எண்ணாக முகப்பிலேயே சொல்லிவிடும். ஆதலால் ‘மொத்த நீளம் என்ன?’ என்பது இடைமுகத்தின் கட்டாய வினாவாக அமைந்துவிடுகிறது. நேரலைக்கு அவ்வினாவிற்கு விடையே கிடையாது. 4 ஜிகாபைட்டைத் தாண்டிய பதிவிற்கு முகப்பு தரும் விடை பொருந்தாது. ஒரே தரவைக் கொண்டு வகுத்த கோட்பாடு போன்றதே ஒரே வடிவத்தைக் கொண்டு வகுத்த இடைமுகமும். இயல்பில் முரண்படும் இரண்டு வடிவங்களையேனும் எழுதி ஓட்டிப் பார்த்த பின்னரே அதனை உறுதிசெய்தல் தகும்.

எம்.பி.3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுற்றது. 1998இன் அச்சத்திற்கு இன்று இடமில்லை. அந்த அச்சம் உண்டாக்கிய இடைமுகமோ, அன்று எவரும் அறியாதிருந்த ஒரு வடிவத்தை இன்றும் கேட்பவர்களிடம் சேர்த்துக்கொண்டிருக்கிறது.