படம் வருது... சத்தம் வரலை! - டிவி பிறந்த வீட்டு வாசலில்

லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்கக் கிளம்பியபோது அம்மா கொடுத்தனுப்பியது புளிக்காய்ச்சல். அப்பா கொடுத்தனுப்பியது ஒரு முகவரி: 22, ஃப்ரித் தெரு, சோஹோ.

அப்பா கும்பகோணத்தில் 27 வருடங்கள் டிவி மெக்கானிக். பிக்சர் டியூப் பெட்டிகள் போய் ஃபிளாட் டிவிகள் வந்ததும் வேலை குறைந்து, கடையை மூடிவிட்டார். "நமக்குச் சோறு போட்ட பெட்டி பிறந்த வீடு. ஒரு எட்டு பார்த்துட்டு வாம்மா" என்றார்.

லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கி, சைனா டவுனைத் தாண்டி நடந்தால் ஃப்ரித் தெரு. குறுகலான தெரு. எதிரே 'ரோனி ஸ்காட்ஸ்' ஜாஸ் கிளப். 22-ம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1949-ல் தொடங்கிய 'பார் இத்தாலியா' காபி கடை. வாசலில் மேஜை போட்டு ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால், சுவரில் வட்டமான நீலப் பலகை. ஜான் லோகி பேர்டு 1926-ல் தொலைக்காட்சியை முதன்முதலில் செய்துகாட்டிய வீடு இது என்கிறது.

பேர்டு ஸ்காட்லாந்துக்காரர். கையில் காசில்லாத மனிதர். ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊரில் அவர் செய்த முதல் கருவியில் இருந்தவை தேயிலைப் பெட்டி, தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டி, தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கின் கண்ணாடி. சுழலும் தட்டு ஒன்று படத்தை வரி வரியாகப் பிரித்து அனுப்பும். மொத்தமே 30 வரிகள்தான்.

இந்த வீட்டு மாடியில் அவர் முதலில் படமாக்கியது 'ஸ்டூக்கி பில்' என்ற பொம்மைத் தலையை. விளக்குகளின் வெப்பத்தை மனிதர்களால் தாங்க முடியாது என்பதுதான் காரணம். 1925 அக்டோபர் 2 அன்று பொம்மையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. உடனே கீழே ஓடி, ஓர் அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்த வில்லியம் டெய்ன்டன் என்ற பையனை இழுத்து வந்து உட்கார வைத்தார். அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. பையன் பயந்துபோய் விளக்கிலிருந்து பின்னால் நகர்ந்துவிட்டான்! கையில் இரண்டரை ஷில்லிங் கொடுத்த பிறகுதான் அசையாமல் உட்கார்ந்தான். டிவியில் தெரிந்த முதல் மனித முகம் அவனுடையது. 1926 ஜனவரி 26 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் இதே மாடிக்கு வந்து பார்த்தார்கள்.

அப்போது சினிமாவும் ஊமைதான். சினிமா கம்பெனிகள் நிறைந்திருந்த வார்டர் தெரு இங்கிருந்து இரண்டே தெரு தள்ளி. 1927 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் நாயகன் பாடினார், பேசினார். ஹிட்ச்காக் மௌனப் படமாக ஆரம்பித்த 'பிளாக்மெயில்', 1929-ல் பேசும் படமாகவும் வந்தது. ஒலிக்கருவி இல்லாத தியேட்டர்களுக்கு மௌனப் பிரதி போனது.

டிவியின் கதை இன்னும் வேடிக்கை. 1929 செப்டம்பர் 30 அன்று பேர்டின் ஒளிபரப்பு பி.பி.சி. வழியாகத் தொடங்கியபோது, இருந்தது ஒரே டிரான்ஸ்மிட்டர். அதனால் முகத்தையும் குரலையும் மாற்றி மாற்றித்தான் அனுப்ப முடிந்தது. பேசுவது கேட்டால் ஆள் தெரியாது. ஆள் தெரிந்தால் பேச்சு கேட்காது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1930 மார்ச்சில். அடுத்த ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் 'காளிதாஸ்' வெளியாகி, நம் சினிமாவும் தமிழ் பேசியது.

காபியை வாங்கிக்கொண்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். நீலப் பலகையைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பேச்சு வரவில்லை. மியூட்டில் இருக்கிறார்!

"அப்பா, படம் வருது... சத்தம் வரலை" என்றேன். கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் தினமும் சொன்ன புகார்.

அப்பா சிரித்துவிட்டார். பட்டனைத் தேடி அழுத்தினார். முதலில் வந்த குரல்: "பொறந்ததுலேர்ந்தே அதுக்கு அந்த வியாதிதான்மா!"

கடையை மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.