பாதி மூடிய கண்ணும் மறைத்து வைத்த ஊசியும்!

காலையில் பல் துலக்கும்போதுதான் கண்ணாடியில் பார்த்தார். வலது கண் நன்றாக விழித்திருந்தது. இடது இமை மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. முகம் கழுவிப் பார்த்தார், கண்ணை அகல விரித்துப் பார்த்தார். இமை ஏறவில்லை.

புதுக்கோட்டை திருவப்பூர் பக்கம் வீடு. வயது 46. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்றே வாரம்.

காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமியார் கவனித்துவிட்டார்.

"ஏத்தா, என்ன ஒரு கண்ணு சொருகிக் கிடக்கு? ராத்திரி பூச்சி கீச்சி எதுவும் கடிச்சிருச்சா?"

கிராமத்தில் வளர்ந்தவர் கேட்கிற கேள்வி அது. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலி இருக்காது, தடமும் தெரியாது. இமை சரிவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கணவருக்கோ பக்கவாதமாக இருக்குமோ என்று பயம். அரை மணி நேரத்தில் மூவரும் டாக்டர் முன்னால் இருந்தார்கள்.

டார்ச் அடித்து இரண்டு கண்மணிகளையும் பார்த்தார் டாக்டர். கைகளைத் தூக்கச் சொன்னார்.

"பார்க்கிறது ரெண்டு ரெண்டா தெரியுதாம்மா? முழுங்க சிரமமா இருக்கா? சமீபத்துல முகத்துல ஊசி எதுவும் போட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

மாமியார் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்? டாக்டர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். தலைக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பாம்புக்கடி சந்தேகம் என்பதால் அட்மிஷன். பேனா நகர்வதைப் பார்த்ததும்தான் வாய் திறந்தார்.

"டாக்டர்... ஆறு நாளைக்கு முன்னாடி திருச்சியில போடாக்ஸ் போட்டேன்."

காரணம் சின்னதுதான். ஒரு கல்யாண வீட்டில், "ஏங்க்கா கோவமா இருக்கீங்க?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். புருவங்களுக்கு நடுவில் விழுந்த கோடுகள் செய்த வேலை. நிச்சயதார்த்த போட்டோவில் அப்படித் தெரியக் கூடாது என்று, வீட்டில் சொல்லாமல் திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டார். ஊசி போட்டவர் டாக்டரா என்றுகூடக் கேட்கவில்லை.

போடாக்ஸ் என்பது பாட்டுலினம் என்ற நச்சை மிகமிகக் குறைந்த அளவில் பயன்படுத்தும் மருந்து. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கும். தசை ஓய்வெடுக்கும், சுருக்கம் மறையும். அதே மருந்து கொஞ்சம் நகர்ந்து இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டால், இமை சரிந்துவிடும். கட்டுவிரியன் விஷம் தாக்குவதும் நரம்பும் தசையும் சந்திக்கும் அதே இடத்தைத்தான். மாமியாரின் சந்தேகத்தில் தப்பே இல்லை!

இன்னொரு வேடிக்கை, இது முதலில் கண்ணுக்கான மருந்து. மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடில்லாமல் இமை துடிப்பதற்கும் 1989-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. கனடாவில் ஒரு கண் மருத்துவர் அப்படிச் சிகிச்சை கொடுத்தபோது, நோயாளிகளின் நெற்றிச் சுருக்கமும் மறைவதைக் கவனித்தார். சுருக்கத்துக்கான அனுமதி 2002-ல்தான் வந்தது.

"பயப்படாதீங்க, தானா சரியாயிடும்" என்றார் டாக்டர். நடந்ததைத் திருப்ப மாற்று மருந்து கிடையாது. மருந்தின் வேகம் குறையக் குறைய இமை ஏறும். பெரும்பாலும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று, நான்கு மாதம்கூட ஆகலாம். இமையை ஓரிரு மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்கும் சொட்டு மருந்துகள் உண்டு. அவற்றையும் கண்ணைப் பரிசோதித்த பிறகு டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

சிலருக்கு இமை சரியாக இருக்கும், புருவம் இறங்கிக் கண்மேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். அது நெற்றித் தசை அளவுக்கு மேல் தளர்ந்ததால் வருவது. அதற்கு இந்தச் சொட்டு மருந்து பெரிதாக உதவாது. எது சரிந்திருக்கிறது என்று தெரியாமல், 'சரிசெய்கிறேன்' என்று உடனே இன்னொரு ஊசிக்குத் தலை நீட்டக் கூடாது. பார்வை மறைக்கும்வரை வண்டி ஓட்டுவதும் வேண்டாம்.

ஊசியே போடாமல் இமை திடீரென்று சரிந்தாலோ, இரட்டைப் பார்வை, கடும் தலைவலி, பேச்சுக் குழறல் இருந்தாலோ தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட்ட பிறகு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றாலும் அப்படித்தான்.

நிச்சயதார்த்தம் வந்தபோது இமை முக்கால்வாசி ஏறியிருந்தது. "அம்மா, கண்ணை நல்லாத் திறங்க" என்றார் போட்டோகிராபர். மகள்தான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படத்தில் நெற்றியில் கோடு இல்லை, கண் மட்டும் கொஞ்சம் சின்னது.

ஆறாவது வாரம் இரண்டு கண்களும் ஒன்றுபோல விழித்தன. மாமியார் வேண்டிக்கொண்டபடி திருவப்பூர் மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்தினார். திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஊசி போடுறதும் போடாததும் உன் இஷ்டந்தாத்தா. ஆனா டாக்டர் கேட்டா உள்ளதைச் சொல்லிரு. நான் பாம்பைத் தேடி வீட்டையே கலைச்சுப் போட்டேன்!"