வலப்பக்கம் எப்படி இருக்கும்?

காட்டுக் குதிரையைப் படமெடுக்க வருகிற எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: இரண்டு ஆண்குதிரைகள் பின்னங்காலில் எழும்பி மோத வேண்டும், சுற்றிலும் புழுதி பறக்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சேண்ட் வாஷ் பேசினுக்கு நானும் அந்த ஆசையோடுதான் போய்வரத் தொடங்கினேன். ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் சேஜ் புதரும் வறண்ட மேடுகளுமாகக் கிடக்கும் பூமி அது. இன்று என் மெமரி கார்டில் நிறைந்திருப்பதோ சும்மா நின்று மேயும் குதிரைகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நேர்முகமாக ஒன்று.

இப்படி மாற்றிவிட்டவர் அங்கே ஆண்டுக்கணக்காகக் குறிப்பெடுத்துவரும் ஓர் அம்மா. என் சண்டைப் படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, "இதோட வலப்பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பிறகு தன் நோட்டைத் திறந்தார். ஒரு செவலைப் பெட்டை: நெற்றியில் கோணலான சுட்டி, மூக்கு நுனியில் இளஞ்சிவப்புத் திட்டு, பின் இடக்காலில் மட்டும் குளம்புக்கு மேல் வெள்ளை, தாடைக்கடியில் பழைய கடித் தழும்பு, பிடரிமயிர் வலப்பக்கம் விழும். கீழே அவளுடைய தாய், ஈன்ற குட்டிகள், எந்த வருஷம் எந்த ஆணோடு திரிந்தாள் என்ற விவரம். ஒரு வம்சமே அந்தப் பக்கத்தில் இருந்தது.

மஸ்டாங்குகள் எனப்படும் இந்தக் காட்டுக் குதிரைகள் குடும்பம் குடும்பமாகத்தான் திரியும். ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள். துணை சேராத இளம் ஆண்கள் தனிக் கூட்டம். தண்ணீருக்கு இறங்க முதலடி வைப்பது பெரும்பாலும் வயதான ஒரு பெட்டை. ஆண் பின்னால் வருவான். யாராவது பிந்தினால் காதை மடக்கி, தலையைத் தரையோடு தாழ்த்தி ஓட்டிச் சேர்ப்பான். நாம் நெருங்கிவிட்டோமா என்பதையும் காதே சொல்லிவிடும். மேய்ச்சலை நிறுத்தி இரண்டு காதும் நம் பக்கம் நிமிர்ந்தால் பின்வாங்கிவிட வேண்டும்.

1971இல் வந்த சட்டம் இவற்றைத் தனியார் வேட்டையிலிருந்து காப்பாற்றியது. ஆனால் புல்லும் தண்ணீரும் போதாதபோது அரசே ஹெலிகாப்டரால் விரட்டிப் பட்டியில் அடைக்கிறது. 2021 செப்டம்பரில் இந்த ஒரே இடத்தில் பிடிபட்டவை 600க்கு மேல். பட்டிக்குள் ஆண்கள் ஒருபுறம், பெட்டைகள் ஒருபுறம். கழுத்தில் எண் அட்டை. அதற்குப் பிறகு யார் யாருடைய குடும்பம் என்று சொல்ல அந்த நோட்டும் படங்களும்தான் மிச்சம்.

பிடிக்காமலே எண்ணிக்கையைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது. பி.ஸெட்.பி. என்ற கருத்தடை ஊசியைப் பெட்டையின் பின்தொடையில் துப்பாக்கியால் எய்வார்கள். முதலில் இரண்டு தவணை, பிறகு வருஷம் ஒன்று. எந்தப் பெட்டைக்கு எப்போது போட்டது என்ற கணக்கு தவறக் கூடாது. பொறுமையான வேலை, ஆனால் ஒரு குடும்பமும் சிதறாது. ஹெலிகாப்டரைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்றே நான் நினைக்கிறேன். அழகில்லாத என் பக்கவாட்டுப் படங்கள் அந்தக் கணக்குக்கு உதவுகின்றன.

அடையாளம் காண வெள்ளைக் குதிரைகள்தான் சிரமம். கருப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே போகும். குட்டியில் பளிச்சென்றிருந்த சுட்டி வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடும். நெற்றிச் சுழி மட்டும் இடம் மாறாது. அதனால் இவற்றின் முகத்தை, சுழி தெரியும்படி, ஒவ்வொரு கோடையிலும் புதிதாக எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பிவைக்கிறேன்.