விடுதலை மணிக்குப் பக்கத்து வீடு



மகளோடு பிலடெல்பியா போய் வந்தேன். "விடுதலை மணி எங்கே உள்ளது?" என்று பொது அறிவு வகுப்பில் உங்களை ஒப்பிக்க வைத்தேனே, அந்த மணியை விரிசலோடு பார்த்தாயிற்று. (வரிசையில் நின்ற முழங்கால் வலி தனிக் கதை.)

வெளியே வந்தால், வாசலுக்குப் பக்கத்திலேயே கூரையில்லாத செங்கல் சுவர்கள். அதிபர் வாஷிங்டன் குடியிருந்த வீடு இருந்த இடமாம். அந்த வீட்டில் அவர் 9 பேரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796இல் எஜமானர் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறி, கப்பலேறித் தப்பிவிட்டார். ஆள்விட்டுத் தேடியும் கடைசிவரை திரும்பவில்லை.

வாஷிங்டன் பெயரை எழுதியவர்களுக்கு மதிப்பெண் போட்டேன். இந்தப் பெண்ணின் பெயர் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது சொல்லிவிட்டேன், உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.